மூன்றரை மில்லிமீட்டர் துளை: கம்பி ஹெட்செட்டை இன்னும் யார் செருகுகிறார்கள்?

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அடுத்த தெருவில் என் சித்தப்பா மகன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பத்து ஆண்டுகளுக்கு முன்பு யாராவது வந்து ஹெட்செட் கேட்டால், எவ்வளவு விலையில் வேண்டும் என்று மட்டும்தான் அவன் திருப்பிக் கேட்பான். இப்போது அதற்கு முன்பாக இன்னொரு கேள்வி வந்துவிட்டது: "சாதா பின்னா, டைப்-சியாண்ணே?" பலர் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, விளிம்பில் அந்த வட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். ஓராண்டாகக் கையில் வைத்திருக்கும் கைபேசியில் அது இல்லை என்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கவனிப்பவர்களும் அவர்களில் உண்டு.

கைபேசியில் கம்பி ஹெட்செட்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்பவருக்கு அந்தக் கடையில் அரை மணி நேரம் நின்றால் விடை கிடைத்துவிடும். பயன்படுத்துகிறார்கள், நிறையப் பேர். ஆனால் யார், எந்த விலைக் கைபேசியில், எந்தக் காரியத்துக்காக என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். விலை உயர்ந்த கைபேசிகளில் மக்கள் அந்தத் துளையைக் கைவிட்டதால் அது போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அந்த வரிசையில் இல்லை. முதலில் தயாரிப்பாளர்கள் அதை எடுத்தார்கள். அதன் பிறகே மக்கள் அது இல்லாமல் பழகிக்கொண்டார்கள்.

செருகியும் துளையும் தொலைபேசி நிலையத்தில் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு சந்தாதாரரை இன்னொருவரோடு இணைப்பதற்கு அங்கிருந்த பணியாளர்கள் கம்பியின் நுனியிலிருந்த உலோகச் செருகியைப் பலகையிலுள்ள துளையில் குத்தி எடுத்தார்கள். இதற்காக அமெரிக்காவில் சார்லஸ் ஸ்கிரிப்னர் வடிவமைத்த சுவிட்ச் மடக்குக் கத்தியைப் போல இருந்ததால் அதை 'ஜாக்-நைஃப்' என்றார்கள். இன்று நாம் 'ஜாக்' என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம்தான். அந்தச் செருகியின் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. மேடையில் கிதாரிலும் கீபோர்டிலும் இன்றும் அதையே மாட்டுகிறார்கள். 1950களில் டிரான்சிஸ்டர் ரேடியோ சட்டைப்பைக்குள் வந்தபோது செருகியும் 3.5 மி.மீட்டராகச் சிறுத்தது, 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வெளிவந்தபின் அதன் ஸ்டீரியோ வடிவம் உலகெங்கும் பரவியது. இந்த நெடிய வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதைத் தன் கருவியில் வைக்க இன்று எந்த நிறுவனமும் யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை, யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. எழுபது ரூபாய் ஹெட்செட்டும் எழுபதாயிரம் ரூபாய் ஹெட்போனும் ஒரே துளையில் ஒரே விதமாக வேலை செய்ததற்கு அடிப்படை இதுதான்.

அந்தச் செருகியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மூன்று கருப்பு வளையங்கள் உலோகத்தை நான்காகப் பிரித்திருப்பது தெரியும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுவழி), நான்காவது மைக். முதலிரண்டின் வழியாகப் போவது நேரடியான மின் அலை. கைபேசிக்குள் இருக்கும் சிப், கோப்பிலுள்ள எண்களை அலையாக மாற்றிவிடுகிறது. அதன் பிறகு கம்பி, காந்தம், காது ஆகிய மூன்றைத் தவிர இடையில் எதுவும் கிடையாது. ஹெட்செட்டில் அழைப்பை எடுக்கும் பொத்தான்கூட மைக்கையும் எர்த்தையும் ஒரு கணம் தொடவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் வெவ்வேறு அளவு மின்தடையை அதே இடத்தில் நுழைக்கின்றன. கைபேசி அந்த அளவைப் பார்த்து எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று தெரிந்துகொள்கிறது. ஒரு காலத்தில் திருவிழாக் கடைகளில்கூடத் தொங்கிய கம்பி வைத்த செல்ஃபி ஸ்டிக், தன்னை ஒரு ஹெட்செட்டாகவே கைபேசியிடம் காட்டிக்கொண்டது. அதன் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கூட்டல் சைகை போகும், கேமரா அதைப் படமெடுக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஸ்கொயர் நிறுவனம் தன் முதல் கார்டு தேய்க்கும் கருவியை இதே துளையில்தான் செருகியது. கார்டின் காந்தப் பட்டையிலிருந்து வரும் சைகையை மைக்கின் வழியே ஒலியாக உள்ளே அனுப்பியது.

எல்லாம் எப்போதும் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல முடியாது. எர்த்தும் மைக்கும் செருகியின் எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பதில் நிறுவனங்கள் சில ஆண்டுகள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தன. பழைய நோக்கியா ஹெட்செட்டைப் புதிய ஆண்ட்ராய்டு போனில் மாட்டியவர்களுக்கு ஒரு விநோதம் நினைவிருக்கும். பாட்டில் வாத்தியங்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். மைக்கிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும், விட்டால் மறுபடி மறையும். எர்த் கிடைக்காமல் போகும்போது இடது ஒலிக்கும் வலது ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வருகிறது. பாடகரின் குரலை இரண்டு பக்கத்திலும் சமமாகவே பதிவு செய்வதால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அழிந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தும்போது மைக்கும் எர்த்தும் தொட்டுக்கொள்வதால் இணைப்பு சரியாகிவிடும். நான் கல்லூரிக்குப் பேருந்தில் போன காலத்தில் அந்தப் பொத்தானில் பஞ்சை வைத்து ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்த நண்பன் ஒருவன் இருந்தான். காரணம் அவனுக்குத் தெரியாது, ஆனால் தீர்வை அவனே கண்டுபிடித்திருந்தான்.

இனி அந்தத் துளை எடுக்கப்பட்ட கதைக்கு வருவோம். ஆப்பிள்தான் இதை முதலில் செய்தது என்பது பொது நினைவு, உண்மை அப்படியில்லை. சீனாவின் ஓப்போ 2012இல் ஃபைண்டர் என்ற மெலிந்த கைபேசியிலும் 2014இல் 4.85 மி.மீ. தடிமனுள்ள ஆர்5 கைபேசியிலும் ஜாக்கை விட்டுவிட்டது. 2016இல் லீஈகோவும், பிறகு மோட்டோ இசட்டும் அதே வழியில் போயின. ஆனால் 2016 செப்டம்பர் 7 அன்று ஐபோன் 7 அறிமுகமானபோதுதான் இது உலகம் முழுவதும் பேசும் பொருளானது. மேடையில் ஆப்பிளின் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர் இந்த முடிவுக்குக் காரணம் 'துணிவு' என்றார். அதே மேடையில், அதே நாளில், 159 டாலர் விலையில் கம்பியில்லா ஏர்பாட்ஸ் அறிவிக்கப்பட்டது.

சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நியாயம். தடிமன் என்றார்கள். ஓப்போ ஆர்5 வந்த அதே 2014இல், அதைவிட மெலிதாக, 4.75 மி.மீ. தடிமனில் விவோ எக்ஸ்5 மேக்ஸ் வந்தது. அதில் ஜாக் இருந்தது. தண்ணீர் புகாமல் காப்பதற்கு என்றார்கள். 2016 தொடக்கத்தில் வந்த சாம்சங் எஸ்7 நீர்க்காப்பில் ஐபோன் 7ஐவிட ஒரு படி மேலான ஐபி68 தரம் பெற்றது. அதிலும் ஜாக் இருந்தது. உள்ளே இடம் வேண்டும் என்பது மட்டும் ஓரளவு உண்மையான காரணம். செருகியின் உலோகப் பகுதி ஏறத்தாழ 14 மி.மீ. நீளம், அதைத் தாங்கும் கூடு, அகலமான பேட்டரிக்கும் அதிர்வு மோட்டாருக்கும் தேவைப்படும் மூலையைப் பிடித்துக்கொள்கிறது. கைபேசியைத் திறந்து பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இடம்தான் ஒரே காரணம் என்றால் ஒரு கேள்வி நிற்கிறது. 2015இல் ஆப்பிள் வெளியிட்ட 12 அங்குல மேக்புக்கில் இரண்டே இரண்டு துளைகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று ஹெட்போன் ஜாக். 2021இல் வந்த மேக்புக் புரோவில் உயர் மின்தடை ஹெட்போன்களையும் இயக்கும்படி அதே ஜாக்கை மேம்படுத்தினார்கள். மடிக்கணினியில் மதிப்போடு வைத்துக்கொண்ட ஒன்றைக் கைபேசியில் காலாவதியானது என்று சொல்வது பொருந்தவில்லை. ஹெட்போன் தயாரிக்கும் பீட்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது 2014இல் என்பதையும், கம்பியில்லா ஒலிக்கருவிகள் தனித்த வணிகமாக வளரும் என்பதை அது அப்போதே கண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் 2016இன் முடிவை விளக்க முடியாது என்பது என் கருத்து.

மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பின்தொடர்ந்தார்கள். கூகுள் 2016இல் முதல் பிக்சலை விளம்பரப்படுத்தியபோது 3.5 மி.மீ. ஜாக் இருப்பதைப் பெருமையாகச் சொன்னது. மறு ஆண்டே பிக்சல் 2இல் அதை எடுத்துவிட்டது. சாம்சங், ஐபோனோடு கூடுதல் கம்பித் துண்டைச் சுமந்து திரியும் இளைஞனைக் காட்டி விளம்பரம் செய்தது. 2019 ஆகஸ்டில் நோட் 10இல் ஜாக்கை நீக்கியபின் அந்த விளம்பரத்தையும் தன் யூடியூப் பக்கத்திலிருந்து நீக்கியது. ஒன்பிளஸ் 2018இல் 6டி கைபேசியில் அதை விட்டபோது, தங்கள் பயனர் குழுமத்தில் 59 விழுக்காட்டினர் ஏற்கெனவே கம்பியில்லா ஹெட்போன் வைத்திருக்கிறார்கள் என்று காரணம் காட்டியது. மீதமிருந்த 41 விழுக்காட்டினர் ஏறத்தாழ ஐந்தில் இருவர் என்பதும், கம்பியில்லாததை வைத்திருப்பவர் கம்பியுள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று பொருளில்லை என்பதும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

பறித்துக்கொண்டதற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது, சார்ஜ் ஏற்றும் யு.எஸ்.பி. டைப்-சி துளை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இன்று நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இதனால்தான். டைப்-சி துளையிலிருந்து ஒலியை இரண்டு வழிகளில் வெளியே எடுக்கலாம். ஒன்று, கைபேசிக்குள் இருக்கும் சிப்பே அலையை உருவாக்கி அந்தத் துளையின் சில ஊசிகள் வழியே அனுப்புவது. பழைய செருகியை டைப்-சி துளையில் மாட்ட உதவும் துண்டைக் கன்வர்ட்டர் என்பார்கள். இந்த வழிக்கு மலிவான, உள்ளே வெறும் கம்பி மட்டுமே இருக்கும் கன்வர்ட்டர் போதும். மற்றொன்று, எண்களாகவே வெளியே அனுப்பி, கன்வர்ட்டரிலோ ஹெட்செட்டின் செருகியிலோ இருக்கும் சிப் அலையாக மாற்றுவது. சில கைபேசிகள் முதல் வழியை ஆதரிக்கின்றன, சில இரண்டாவதை மட்டும், சில இரண்டையும். வெளியிலிருந்து பார்த்தால் துளையும் ஒன்றுபோல் இருக்கும், கன்வர்ட்டரும் ஒன்றுபோல் இருக்கும். பெட்டியின் மேல் எந்த வழி என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரு கைபேசியோடு வந்த கன்வர்ட்டர் இன்னொன்றில் முழு ஊமையாகிவிடுவதும், நல்ல சிப் உள்ள கன்வர்ட்டர்கூடச் சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியை மிகக் குறைவாகக் கொடுப்பதும் இதனால்தான். போதாததற்கு, இருப்பது ஒரே துளை என்பதால் சார்ஜ் ஏறும்போது பாட்டுக் கேட்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய இன்னொரு பிரிப்பான் வாங்க வேண்டும்.

இன்றைய நிலவரத்தை விலையை வைத்துத்தான் சொல்ல முடியும். முன்னணி நிறுவனங்களின் விலையுயர்ந்த கைபேசிகளில் ஜாக் அநேகமாக இல்லை. விதிவிலக்குகள் உண்டு. சோனி 2018இல் எக்ஸ்பீரியாவிலிருந்து அதை எடுத்துவிட்டு 2020இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2இல் திரும்பக் கொண்டுவந்தது. 2025இல் வந்த எக்ஸ்பீரியா 1 மார்க் 7இலும் அது இருக்கிறது. விளையாட்டுக்கென்றே விற்கும் ஆர்.ஓ.ஜி. வரிசையில், ஆசுஸ் ஆர்.ஓ.ஜி. போன் 3இல் விட்டுவிட்டு ஆர்.ஓ.ஜி. போன் 5இல் மீண்டும் வைத்தது. எடுத்ததைத் திரும்ப வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை என்பதற்கு இவை இரண்டுமே சாட்சி. நடுத்தர விலையில் துளை படிப்படியாக மேலிருந்து கீழாக மறைந்து வருகிறது. சாம்சங்கின் ஏ வரிசையில் 2021இன் ஏ52இல் ஜாக் இருந்தது, 2022இன் ஏ53இல் இல்லை. அதற்கும் கீழே உள்ள ஏ15இல் இருந்தது, அடுத்து வந்த ஏ16இல் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்து ஸ்மார்ட்போன்களிலும், பொத்தான் வைத்த சாதா போன்களிலும் அது இன்னும் சர்வசாதாரணம். இந்தியாவில் பெருந்திரளான மக்கள் வாங்குவது இந்த விலைகளில்தான். கைபேசிக்கு வெளியே பார்த்தால் மடிக்கணினி, விமான இருக்கை, பிளேஸ்டேஷன் 5இன் கைக்கருவி, நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என எல்லாவற்றிலும் அதே துளை இருக்கிறது. ஆப்பிளே தன் கம்பி இயர்பாட்ஸை டைப்-சி, பழைய ஐபோன்களுக்கான லைட்னிங், 3.5 மி.மீ. என மூன்று முனைகளோடும் விற்றது.

கம்பியை விடாமல் வைத்திருப்பவர்களைப் 'பழமை விரும்பிகள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் பார்த்தவரையில் அவர்களில் பெரும்பாலோருக்குத் தெளிவான காரணம் இருக்கிறது, அதில் முதன்மையானது தாமதம். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, பொட்டலமாக்கி, அனுப்பி, விரித்து ஒலிக்க நேரமாகிறது. சாதாரணமாக எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் எஸ்.பி.சி. முறையில் இது 150 முதல் 250 மில்லிநொடி வரை போகும். படம் பார்க்கும்போது செயலி அந்த அளவுக்குக் காட்சியையும் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. எதிராளியின் காலடி ஓசை கால் நொடி தாமதமாகக் காதில் விழுந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். கடைக்கு வரும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களில் பலரிடம் வீட்டில் ப்ளூடூத் பட்ஸ் இருக்கிறது. விளையாடுவதற்கென்று தனியாகக் கம்பி ஹெட்செட் வாங்க வருகிறார்கள்.

இதைவிட முக்கியமானவர்கள் பார்வையற்றவர்கள். திரையைத் தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற செயலிகளை வைத்தே அவர்கள் கைபேசியை இயக்குகிறார்கள். விரலை நகர்த்தியதற்கும் குரல் வருவதற்கும் இடையில் விழும் ஒவ்வொரு கால் நொடியும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தொடுகைகளில் பெருகுகிறது. தவிரவும், ஒலி இல்லாத நேரத்தில் ப்ளூடூத் கருவிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பை உறங்கவைப்பதால், அடுத்த சொல்லின் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். 'அனுப்பு' என்பது 'னுப்பு' என்று கேட்டால் ஊகித்துக்கொள்ளலாம். எண்களையும் பெயரின் முதலெழுத்தையும் ஊகிக்க முடியாது. வங்கிச் செயலியில் தொகையைத் தட்டும் ஒருவருக்கு இது வசதிக்குறைவு என்ற அளவில் நிற்பதில்லை. அத்துடன், கடவுச்சொல்லையும் இருப்பையும் ஊரறிய ஒலிபெருக்கியில் கேட்க முடியாதவர்கள் அவர்கள். ஜாக்கை எடுக்கும் முடிவுகளின்போது இவர்களைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

மூன்றாவது கூட்டம் இசை வகுப்பு. கொரோனாக் காலத்துக்குப் பிறகு சென்னையிலிருந்தபடி சிங்கப்பூருக்கும் டொரண்டோவுக்கும் கைபேசியில் பாட்டும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு இன்னொரு முறை. மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமான கருவிகள் இரண்டாவது முறைக்குத் தாவிவிடும். அதில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்குவதால், 4,000 அல்லது 8,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வுகள் வந்து சேராது. மிருதங்கத்தின் சாப்பு இரண்டு முனையிலும் தட்டையாகி, வெறும் 'டொக்' என்று கேட்கும். தம்புராவின் மேல்சுருதிகள் மங்கிப்போகும். மகளுக்கு இணையத்தில் பாட்டு வகுப்பு வைத்திருந்தபோது, பட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பி ஹெட்செட்டைப் போடச் சொல்லி ஆசிரியை முதல் நாளே கேட்டுக்கொண்டார். "கமகம் எனக்குக் கேட்கணும்மா, நீ பாடறியா பேசறியான்னே தெரியலை" என்றார். ப்ளூடூத்தின் புதிய எல்.இ. ஆடியோ முறையும், அதில் ஒலியைச் சுருக்கி விரிக்கும் எல்.சி.3 கோடெக்கும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கக்கூடியவை. ஆனால் கைபேசி, ஹெட்செட் இரண்டுமே அதை ஆதரித்தாக வேண்டும்.

வானொலி கேட்பவர்கள் இன்னொரு வகை. எஃப்.எம். அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அதைப் பிடிக்கக் கால் பங்கு நீளமுள்ள, அதாவது முக்கால் மீட்டர் அளவிலான கம்பி தேவை. ஹெட்செட் கம்பி கிட்டத்தட்ட அந்த நீளத்தில் இருப்பதால் அதையே ஏரியலாகக் கைபேசி பயன்படுத்திக்கொண்டது. ஹெட்செட்டை மாட்டாமல் ரேடியோ வேலை செய்யாது என்ற அறிவிப்பைப் பார்க்காதவர் குறைவு. ஏரியலை உள்ளேயே வைத்த சாதா போன்கள் இப்போது வந்திருக்கின்றன, ஆனால் பல ஸ்மார்ட்போன்களில் ஜாக் போனதோடு எஃப்.எம்மும் சேர்ந்து போய்விட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கைபேசிச் சிக்னலும் மின்சாரமும் நாள்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், கோபுரம் விழாத ஏதோ ஒரு வானொலி நிலையத்தை இணையமும் சிம்மும் இல்லாமல் பிடித்துத் தரக்கூடியது அந்தக் கம்பிதான். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பிய அறிவுரையில், எஃப்.எம். வசதி உள்ள கைபேசிகளில் அதை முடக்கக் கூடாது என்று சொன்னதற்குப் பேரிடர்க் காலத் தேவையே முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டது. அறிவுரை எஃப்.எம்மோடு நின்றுவிட்டது, ஜாக்கைத் தொடவில்லை.

பேட்டரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காதுக்குள் வைக்கும் பட்ஸின் பேட்டரி பெரும்பாலும் சில பத்து மில்லி ஆம்பியர்-மணி அளவே கொண்டது. தினமும் சில முறை ஏற்றி இறக்குவதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பசை வைத்து ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் மாற்ற முடியாது. ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்சிட் நிறுவனம், பழுது பார்க்கும் எளிமைக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பதை 2027 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்குகிறது. அதன் விளைவு இந்தக் கருவிகளின் வடிவமைப்பில் எந்த அளவு தெரியும் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் கம்பியில் குறையில்லை என்று ஆகிவிடாது. பைக் ஓட்டிக்கொண்டு உணவு கொண்டுபோகும் பையனுக்கும், சமையலறையில் இரண்டு கையும் மாவாக இருக்கும் அம்மாவுக்கும் கம்பியில்லாதது பெரிய விடுதலை, அதை யாரும் மறுக்க முடியாது. கம்பி சிக்கும், கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுக்கும், செருகிக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்து ஒரு பக்கம் கேட்காமல் போகும். துளைக்கும் நோய் உண்டு. சென்ற மாதம் கடையில் நின்றிருந்தபோது பூ விற்கும் அம்மா ஒருவர் வந்தார். "தம்பி, மணி அடிக்குது, எடுத்தா எதிர்ல பேசுறது ஒண்ணும் கேக்கல" என்றார். தம்பி திரையின் உச்சியைப் பார்த்தான். ஹெட்செட் மாட்டாமலேயே அங்கே ஹெட்செட் படம் நின்றிருந்தது. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்து, மெல்லிய ஊசியால் நெருடி வெளியே எடுத்தான். வந்தது பூக்கட்டும் வாழைநாரின் ஈரப் பிசிறு. செருகி நுழைந்ததும் ஒதுங்கும்படி துளைக்குள் சிறு உலோக நாக்கு இருக்கிறது. அது ஒதுங்கினால் ஒலியை ஹெட்செட்டுக்குத் திருப்பச் சொல்லிக் கைபேசிக்குச் சைகை போகும். அந்த நார் நாக்கை ஒதுக்கிப் பிடித்திருந்ததால், இல்லாத ஹெட்செட்டுக்கு இரண்டு நாளாகக் குரல் போய்க்கொண்டிருந்தது. படம் மறைந்தது. "உள்ள ஈரம் போகாம பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை.

இனி என்ன நடக்கும் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. மலிவு விலைக் கைபேசிகளிலும் துளை இன்னும் சில ஆண்டுகளில் அரிதாகும், ஏனென்றால் மேலே நடந்தது கீழே நடக்காமல் இருந்ததில்லை. கம்பி ஹெட்செட் அப்படி அழியாது. தாமதமும் விலையும் சார்ஜும் உள்ளவரை அதற்கு ஆள் இருப்பார்கள், டைப்-சி முனையோடு அது தொடரும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் புதிய கைபேசிகளுக்கு டைப்-சி சட்டப்படி கட்டாயம் என்பதால், குறைந்தபட்சம் துளையின் உருவம் ஒன்றாகிவிட்டது. அதற்குள்ளிருந்து ஒலி எப்படி வர வேண்டும் என்பதும் அதே கட்டாயத்தோடு ஒன்றாக்கப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதுவரை அந்த ஒற்றுமை கண்ணுக்கு மட்டும்தான்.

கடையில் இது அன்றாடம் தெரிகிறது. சாதா பின் கேட்டு வருபவருக்குத் தம்பி உறையை அப்படியே எடுத்து நீட்டிவிட்டு நூறு ரூபாயை வாங்கி மேசை அறையில் போட்டுவிடுகிறான். டைப்-சி கேட்டு வருபவரிடம் முதலில் அவருடைய கைபேசியைக் கேட்டு வாங்குகிறான், உறையைப் பிரிக்கிறான், மாட்டுகிறான், ஏதாவதொரு பாட்டைப் போட்டு இரண்டு காதிலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறான். கேட்கவில்லை என்றால் இன்னொரு உறை, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கேட்ட பிறகே காசு.